ஐயமும் காவலும்

மக்கள் உள்ளத்தில் எழும் ஐயம் இருவகைப்படும். ஒன்று, மெய்யை அறிதற்குத் துணையாய் நின்று, அறிந்தவுடன் நீங்குவது. மற்றொன்று, அறியும் முயற்சியையே வீண் என்று தள்ளிவிட்டுச் சோம்பலின் மடியில் உறங்குவது. முன்னையது அறிவின் வாயில். பின்னையது அவ்வாயிலுக்கு இடப்பட்ட தாழ். தோற்றத்தில் இரண்டும் ஒன்று போலவே இருத்தலின், ஒன்றை மற்றொன்றாக மயங்குதல் எளிது. திருக்குறளின் பொருட்பாலைப் பயிலும் மாணவர் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தைக் கற்ற சில நாட்களுக்குள்ளாகவே 'பொச்சாவாமை' என்னும் அதிகாரத்தையும் கற்கின்றனர். ஆராயாது நம்புதல் ஒரு குற்றம். தனக்கு ஒரு தீங்கும் வாராது என்று மகிழ்ந்து காவலை மறத்தல் மற்றொரு குற்றம். இவ்விரண்டினையும் ஒருங்கே விலக்கி ஒழுகுதல் அரசர்க்கு மட்டும் உரிய அறமன்று. குடிகளாகிய நமக்கும் உரியது என்பதனை, விமான நிலையத்துச் சோதனை பற்றி நம் ஊரார் பேசும் பேச்சைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

சேலம் மாவட்டமும், அதனினின்று 1997-ஆம் ஆண்டில் பிரிந்த நாமக்கல் மாவட்டமும் சேர்ந்த சமவெளி, நெடுங்காலமாகச் சாலையால் வாழ்வது. சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் இருபுறமும் காவல் நிற்க, இடையே ஓடும் நெடுஞ்சாலைகளில் லாரிகள் இரவும் பகலும் ஓய்வதில்லை. நாமக்கல்லில் கூடு கட்டப்பெற்ற லாரியும், திருச்செங்கோட்டினின்று புறப்பட்ட ஆழ்துளைக் கிணற்று வண்டியும் செல்லாத மாநிலம் இந்தியாவில் இல்லை என்றே கூறலாம். வானூர்தியோ நமக்குப் புதிய உறவினர். ஓமலூரை அடுத்த காமலாபுரத்து விமான நிலையம் 1993-இல் திறக்கப்பெற்றது. இடையே பல ஆண்டுகள் விமானமின்றி வெறிதே கிடந்தது. 2018-இலும், மீண்டும் 2023-இலும் உயிர்பெற்றது. ஆதலின் எங்கள் ஊர்களில் விமானம் ஏறியவர் சிலர். வழியனுப்பச் சென்று வாயிலில் நின்றவர் பலர். சோதனையைப் பற்றிக் கருத்துக் கூறுவோரோ அனைவரும்.

அக்கருத்துப் பெரும்பாலும் ஒன்றே: "எல்லாம் வெறும் நாடகம்." தேநீர்க் கடையிலும் இதுவே பேச்சு, பேருந்திலும் இதுவே பேச்சு. பள்ளிக்கும் கல்லூரிக்கும் மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல் வருவதும், மோப்ப நாயுடன் காவலர் வந்து மூலை முடுக்கெல்லாம் தேடுவதும், மாலையில் 'புரளி' என்று முடிவதும் சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டன. மிரட்டல் என்றவுடன் அஞ்சியவர்கள் இப்பொழுது விடுமுறை கிடைத்தது என்று மகிழ்கின்றனர். புலி வருகிறது, புலி வருகிறது என்று கூவிய சிறுவனின் கதையை நாம் அறிவோம். அக்கதையில் இறுதியாகப் புலி மெய்யாகவே வந்தது என்னும் பகுதியை மட்டும் எளிதில் மறந்துவிடுகின்றோம்.

என் தாய்மாமன் முப்பது ஆண்டுகளாக லாரி ஓட்டுபவர். ஐயத்தின் தலைமைப் புலவர் என்று அவரைக் கூறலாம். என் தமக்கை செவிலியர் பணியேற்று ஐதராபாத்துக்குப் புறப்பட்ட நாளில் நாங்கள் அனைவரும் ஒரு விமான நிலையத்துக்கு வழியனுப்பச் சென்றிருந்தோம். அம்மா இடித்துக் கொடுத்த மிளகாய்ப்பொடி தமக்கையின் கைப்பையில் இருந்தது. அதனைக் கைப்பையில் கொண்டுசெல்லலாகாது என்று உள்ளே எடுத்துவைத்துவிட்டனர். அச்செய்தியைத் தமக்கை தொலைபேசியிற் கூறியவுடன் அம்மாவுக்குப் பொடி போன துயரம், மாமனுக்கோ நகைப்பு. "பார்த்தாயா மாப்பிள்ளை, மிளகாய்ப்பொடியைப் பிடித்துவிட்டார்கள், இனி நாடு பிழைத்தது. எத்தனை சாவடி பார்த்தவன் நான்! லோடைப் பார்க்கிறவன் எவன்? நீட்டுகிற கையைப் பார்க்கிறவன்தான் அதிகம். சோதனை என்பது பார்ப்பதற்கில்லை, பார்த்ததாகக் காட்டுவதற்கு" என்றார். மிளகாய்ப்பொடி கண்ணில் தூவும் கருவியாகக் கூடும் என்பதே அவ்விதியின் கருத்து என்று யான் கூறினேன். "அப்படியானால் கண்ணில் குத்தப் பேனா போதாதா?" என்று திருப்பிக் கேட்டார். அவ்வினாவை வெறும் குறும்பு என்று தள்ளுதல் நேர்மையாகாது.

ஏனெனில் மாமனைப் போன்றோரின் ஐயத்துக்குத் தக்க சான்றுகள் உலகில் உள. 2001-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் பாரிஸிலிருந்து மயாமிக்குப் பறந்த விமானத்தில் ஒருவன் தன் காலணியில் ஒளித்த வெடிமருந்துக்குத் தீயிட முயன்று உடன் பயணம் செய்தோரால் பிடிபட்டான். அதன் விளைவாக 2006 முதல் அமெரிக்க நாட்டு விமான நிலையங்களில் பயணிகள் அனைவரும் காலணியைக் கழற்ற நேர்ந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அவ்வழக்கத்தை அந்நாடு கைவிட்டது. 2006 ஆகஸ்டில் இலண்டனில் வெளிப்பட்ட ஒரு சதியின் பயனாகவே, நூறு மில்லிலிட்டருக்கு மேற்பட்ட நீர்ப்பொருளைக் கையில் கொண்டுசெல்லலாகாது என்னும் விதி உலகெங்கும் பரவியது. இவையெல்லாம் நடந்து முடிந்த சூழ்ச்சிக்கு இடப்படும் அணைகளே. கள்வன் வந்த வழியை அடைத்துவிட்டு, அவன் அடுத்த முறையும் அவ்வழியே வருவான் என்று காத்திருப்பதை ஒக்கும். அன்றியும், 2015-இல் அமெரிக்க அரசின் ஆய்வாளர்கள் மாறுவேடத்தில் போலி வெடிகுண்டும் ஆயுதமும் கொண்டு தம் நாட்டு விமான நிலையங்களைச் சோதித்தபோது, 70 முயற்சிகளில் 67 பிடிபடாமற் போயின என்னும் செய்தி வெளியாயிற்று. நம் நாட்டிலோ, கைப்பையில் கட்டிய சீட்டில் காவலர் முத்திரை குத்தும் வழக்கம் பல்லாண்டு இருந்து, 2017-இல் பெரிய விமான நிலையங்கள் சிலவற்றில் நீக்கப்பெற்றது. நீக்கியதனால் வானம் இடிந்து விழவில்லை. புரூஸ் ஷ்னையர் என்னும் அமெரிக்க அறிஞர் இத்தகைய செயல்களைப் 'பாதுகாப்பு நாடகம்' என்று பெயரிட்டழைத்தார். எங்கள் மாமன் அவர் நூலைக் கற்றவரல்லர். ஆயினும் இருவரும் ஒரே சொல்லில் வந்து கூடினர்.

எனினும் இருவர்க்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவ்வறிஞர் நாடகம் என்றது சோதனை முறையையேயன்றி, அபாயத்தையன்று. பகைவன் எப்பொருளைக் கையாள்வான் என்று ஊகித்துப் பொருள்தோறும் தடை விதிப்பதினும், முன்னறிவிப்புகளைத் திரட்டி ஆராய்வதிலும், தீங்கு நேர்ந்தால் உடனே உதவுவதிலும் பொருளைச் செலவிடுக என்பதே அவர் கூற்று. நம் ஊர்ப் பேச்சிலோ இவ்விரண்டும் ஒன்றாய்க் குழைந்துவிடுகின்றன. சோதனை பொய் என்று தொடங்கும் வாக்கியம், ஆதலின் அபாயமும் பொய் என்று முடிகின்றது. முதற்பாதியில் அறிவு உண்டு, பிற்பாதியில் இல்லை.

இவ்வேறுபாட்டை எனக்கு உணர்த்தியதும் மாமனின் வழக்கம் ஒன்றே. அவர் எத்துணை அவசரமாயினும் வண்டியை எடுக்குமுன் இரும்புக் கம்பி ஒன்றைக் கையிற் கொண்டு, எல்லாச் சக்கரங்களையும் ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்ப்பார். காற்று நிறைந்த டயர் ஒருவகையாய் ஒலிக்கும். காற்று இறங்கிய டயர் வேறுவகையாய் மங்கி ஒலிக்கும். இரட்டைச் சக்கரத்தில் உட்புறத்து டயர் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். ஒருநாள் புதிதாய்ச் சேர்ந்த கிளீனர்ப் பையன் கைப்பேசியில் பேசிக்கொண்டே சக்கரங்களைத் தட்டி முடித்து, "எல்லாம் சரி அண்ணா" என்றான். மாமன் கம்பியை வாங்கி மீண்டும் முதலிலிருந்து தட்டினார். "தட்டுவது கம்பி, கேட்பது நீ. நீ கேட்கவில்லையென்றால் தட்டி என்ன பயன்?" என்று அவனிடம் கூறினார். சோதனையெல்லாம் நாடகம் என்று நகைத்தவரும் இவரே. சோதனையின் இலக்கணத்தை இதனினும் தெளிவாக யாரும் எனக்குக் கூறியதில்லை. கருவியும் விதியும் காவலர் சீருடையும் கம்பியைப் போன்றவை. அவை எழுப்பும் ஒலிக்குச் செவிகொடுப்பார் உண்டெனின் அது காவல், இல்லையெனின் நாடகம்.

இவ்விலக்கணத்தைக் கொண்டு நம் தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்த ஒரு கொடுஞ்செயலைக் காண்போம். 1984-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் இரவு, சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வெடிகுண்டு வெடித்தது. ஏறத்தாழ முப்பது பேர் உயிரிழந்தனர்; இன்னும் பலர் படுகாயமுற்றனர். இறந்தோருள் பெரும்பாலோர் இலங்கை நாட்டினர். தமிழ் ஈழ இராணுவம் என்னும் போராளிக் குழுவினர் மீது குற்றம் சாட்டப்பட்டது. நடந்த வகை இதுவாகும்: கொழும்புக்குச் செல்லும் ஏர் லங்கா விமானத்துக்கென்று ஒருவன் இரண்டு பெட்டிகளைப் பதிவு செய்தான், பெட்டிகளை ஒப்படைத்தவன் விமானத்தில் ஏறவில்லை. பெட்டிகளுக்கு உரியவன் இல்லை என்பது தெரிந்து அவை விமானத்தில் ஏற்றப்படாமல் நிலையத்திலேயே தங்கின. இதுவரையில் சோதனை தன் கடமையைச் செய்தது. கம்பி தட்டியது, மங்கிய ஒலியும் எழுந்தது.

அதன்பின் நிகழ்ந்ததே நெஞ்சை வருத்துவது. பெட்டிகளில் குண்டு இருக்கின்றது, அப்புறப்படுத்துங்கள் என்று தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. அவ்வெச்சரிக்கை நம்பப்படவில்லை. அக்காலத்தில் மீனம்பாக்கத்தில் சுங்கத்தார் நாடோறும் கண்டது தங்கக் கடத்தலே. ஆதலின், பிடிபட்ட பெட்டியில் இருப்பது கடத்தற்பொருளாகலாம், அதனை மீட்க யாரோ செய்யும் சூழ்ச்சியே அத்தொலைபேசி என்று அவர்கள் எண்ணினர் என்பது, அந்நிகழ்ச்சியைப் பற்றி எழுதினோர் கூறும் செய்தி. கணங்கள் கழிந்தன; குண்டு வெடித்தது; கட்டிடத்தின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. அறிந்து கூறியவன் பகைவன். அறிந்தும் நம்பாதவர் காவலர். ஒன்றும் அறியாதவராய்ப் பயண மூட்டைகளுடன் காத்திருந்தோர் மாண்டனர்.

அவ்வதிகாரிகளை இகழ்தல் எளிது. ஆயினும் சற்றே எண்ணிப் பார்ப்போமாயின், அவர்கள் ஐயுறாதவர் அல்லர், மிகவும் ஐயுற்றவரே. அவர்கள் ஐயம் தவறான இடத்தில் நின்றது. பழகிய பொய்யையே எதிர்பார்த்த உள்ளம், பழகாத மெய்யைப் பொய்யாகவே கண்டது. "இதெல்லாம் நமக்குத் தெரியாதா?" என்னும் அறிவின் செருக்கே அங்கு அறிவை மறைத்தது. மாமன் சாவடியில் கற்ற பாடமும் இத்தகையதே. பல்லாண்டுப் பழக்கத்தால் வரும் ஐயம் பெரும்பாலும் மெய்யாகவே இருக்கும்; எனினும் ஒருமுறை பொய்யாகும்போது அதன் விலையை வேறொருவர் தம் உயிரால் செலுத்துகின்றனர்.

இப்பாடம் உலகின் செவியில் ஏறியதோ எனின், இல்லை. பதினொரு திங்கள் நிறைவதற்குள், 1985-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், ஏர் இந்தியாவின் கனிஷ்கா என்னும் விமானம் அயர்லாந்துக் கடலருகே வானத்திலேயே வெடித்துச் சிதறியது. அதிலிருந்த 329 பேரும் மாண்டனர். அங்கும் அதே முறை: கனடா நாட்டு வான்கூவர் நகரில் ஒருவன் பெட்டியை மட்டும் அனுப்பிவிட்டுத் தான் ஏறாது நின்றான். அவனது மேற்பயணம் உறுதியாகாமையால் பெட்டியை நேரே அனுப்ப இயலாது என்று முதலில் மறுத்த ஊழியர், அவன் வற்புறுத்தலுக்கு இறுதியில் இணங்கிவிட்டார். டொராண்டோ நகரில் பெட்டிகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே கருவி அன்று பழுதுபட்டது. வெடிமருந்தை முகர்ந்தறியும் கைக்கருவி ஒன்றை அதற்கீடாகப் பயன்படுத்தினர். அக்கருவி ஒரு பெட்டியருகே ஒலித்தது. ஒலித்தால் செய்யத்தக்கது யாது என்பது அங்கிருந்தோர்க்குச் சரிவரக் கற்பிக்கப்படவில்லை. பெட்டி விமானத்துள் சென்றது. மாமனின் கிளீனர்ப் பையனை இங்கு நினையாதிருத்தல் இயலுமா? அதே நாளில் ஜப்பானில் நரிட்டா விமான நிலையத்தில், மற்றோர் ஏர் இந்தியா விமானத்துக்கென்று வைக்கப்பட்ட பெட்டி வெடித்து, மூட்டை சுமக்கும் தொழிலாளர் இருவர் இறந்தனர். இப்பேரழிவுக்குக் காரணமான குறைகளை ஆராய்ந்த கனடாவின் விசாரணைக் குழு, 2010-ஆம் ஆண்டிற்றான் தன் அறிக்கையை வெளியிட்டது. இருபத்தைந்து ஆண்டுகள்!

பெட்டியும் பெட்டிக்கு உரியவரும் ஒரே விமானத்தில் செல்லவேண்டும். உரியவர் ஏறாவிடில் பெட்டியை இறக்கவேண்டும் என்னும் விதி இக்கொடுமைகளின் பின்னரே உலகெங்கும் உறுதிப்பட்டது. நம் நாட்டில் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் தனித்துறையாக 1987-இல் அமைந்தது. 1999 டிசம்பரில் காத்மாண்டுவினின்று புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கந்தகாருக்குக் கடத்தப்பட்டதன் பின், 2000-ஆம் ஆண்டு முதல் விமான நிலையக் காவல் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையிடம், ஜெய்ப்பூரில் தொடங்கி, படிப்படியாக ஒப்படைக்கப்பெற்றது. எவரோ ஒருவர் வாராமையால் விமானம் அரைமணி தாழ்க்க, அவர் பெட்டியைத் தேடி இறக்கும்போது, உள்ளே அமர்ந்திருப்போர் முணுமுணுக்கின்றனர். அவ்வரைமணியின் பின்னே மீனம்பாக்கத்து இரவும் கனிஷ்காவின் கடலும் இருக்கின்றன என்பதனை அறிவாராயின் முணுமுணுப்பாரல்லர். இது நாடகமன்று, உயிர்கொடுத்து வாங்கிய விதி. ஆகவே எல்லாச் சோதனையும் ஒருதன்மைத்தன்று. காரணம் அறிந்து மதிக்கத்தக்கதும் உண்டு. காரணம் கேட்டு நீக்கத்தக்கதும் உண்டு. இரண்டையும் ஒரே நகைப்பால் தள்ளுதல், நெல்லையும் பதரையும் ஒருங்கே தூற்றிவிடுதல் போலாகும்.

பிற்காலத்து நிகழ்ச்சி ஒன்றும் ஈண்டுக் கூறத்தக்கது. அது விமான நிலையத்தில் நிகழ்ந்ததன்றாயினும், எச்சரிக்கையை நம்பாமையின் பயனை அதனினும் தெளிவாகக் காட்டுவது பிறிதில்லை. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், உயிர்த்தெழுந்த ஞாயிறன்று, இலங்கையில் மூன்று தேவாலயங்களிலும் மூன்று பெரும் விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 250-க்கு மேற்பட்டோர் இறந்தனர். இந்திய உளவுத்துறையிடமிருந்து அம்மாதத் தொடக்கத்திலேயே இலங்கைக்கு எச்சரிக்கை சென்றிருந்தது. அது அலுவலகங்களில் கைமாறி உறங்கியது. அக்காலத்துக் குடியரசுத் தலைவரும் உயர் அதிகாரிகளும் கடமை தவறினர் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2023-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் தீர்ப்பளித்து, இழப்பீடு செலுத்துமாறு பணித்தது.

மேலிருந்தோர் உறங்கிய அவ்வேளையில் கீழிருந்த ஒருவர் விழித்திருந்தார். மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி முடிந்து குழந்தைகள் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தனர். முன்பின் அறியாத ஒருவன் சுமையோடு வாயிலுக்கு வந்தான். சபையைச் சேர்ந்த ஒருவர் அவனை ஐயுற்றார். இன்சொல்லால் விசாரித்து, உள்ளே விடாது வெளியே நிறுத்தினார். குண்டு முற்றத்திலேயே வெடித்தது. அவரும், குழந்தைகள் பலரும் மாண்டனர். உள்ளே வழிபாட்டுக்கு அமர்ந்திருந்த பெருங்கூட்டம் பிழைத்தது. அவர் கையில் கருவி இல்லை. உடம்பில் சீருடை இல்லை. மேலிடத்து ஆணையும் இல்லை. கேட்கும் செவி ஒன்றே இருந்தது. எங்கள் ஊர் ஆலயத்தில் அடுத்த ஆண்டு அப்பண்டிகை நாளை எண்ணியபோதெல்லாம் அவ்வாயில் என் நினைவில் வந்தது. வாயிலில் நின்று வருவோரைக் கைகூப்பி வரவேற்பதும், வருவோரை உற்று நோக்குவதும் ஒருவரே செய்யக்கூடிய பணி என்பதனை அம்மனிதர் தம் உயிரால் விளக்கிச் சென்றார்.

இவ்வளவும் கூறியபின் மற்றொரு பக்கத்தைக் கூறாதொழிதல் முறையன்று. காவலை மிகுக்க மிகுக்க நன்மையே என்று யான் வாதிப்பதாக யாரும் கருதற்க. ஐயத்தின் சுமை எல்லார் தோளிலும் சமமாக ஏறுவதில்லை. என் வகுப்புத் தோழன் ஒருவன் எங்கள் மாவட்டத்து இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். தமிழ்நாட்டிலேயே பிறந்தும் இந்நாட்டுக் குடிமகனல்லன். அவன் தந்தையார் குழந்தையாய்த் தோணியில் வந்தவர். போரை விட்டு ஓடிவந்த அக்குடும்பத்தைப் போராளிகளின் குடும்பம் என்றே ஓர் அலுவலகம் நெடுங்காலம் கருதியது. குறித்த நாளில் வருகைப் பதிவுக்கு நிற்கவேண்டும். வெளியூரில் தங்குவதாயின் சொல்லிச் செல்லவேண்டும். மீனம்பாக்கத்துச் செய்தியை யான் அவனிடம் கூறியபோது அவன் நெடுநேரம் பேசவில்லை. பின், "செய்தவர்களும் எங்கள் ஊரவர் என்றார்கள், செத்தவர்களும் எங்கள் தீவினர். இரண்டுக்கும் நடுவில் நாங்கள் இன்றும் வரிசையில் நிற்கிறோம்" என்றான்.

அவன் கூற்றினால் யான் அறிந்தது ஒன்று. பெட்டியை ஐயுறுதல் வேறு; பிறப்பை ஐயுறுதல் வேறு. எல்லார் பெட்டியும் ஒரே கருவியின்கீழ்ச் செல்லும்போது யாருக்கும் அவமானம் இல்லை. அமைச்சர் பெட்டியும் ஆண்டியின் மூட்டையும் அங்கு ஒன்றே. பெயரையும் மொழியையும் உடையையும் தாடியையும் கண்டு ஒருவரை மட்டும் தனியே நிறுத்தும்போது, அங்கு காவல் குன்றிப் பகை பிறக்கின்றது. அன்றியும், அது மடமையுமாகும். ஏனெனில் தீங்கு எண்ணியவன் நாம் ஐயுறும் தோற்றத்தோடு வருவதில்லை. சங்ககிரி மலைமேல் ஏறுவோர் ஒன்றன்பின் ஒன்றாகக் கோட்டை வாயில்கள் பலவற்றைக் கடக்கின்றனர். அம்மலையில் 1805-ஆம் ஆண்டு தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலை, வாயிற்காவல் தளர்ந்ததனால் அன்று, உடனிருந்த சமையற்காரன் காட்டிக்கொடுத்ததனால் பிடிபட்டார் என்பது எங்கள் நாட்டு வழக்கு. அயலான் முகத்தையே நோக்கி நிற்கும் காவலன் தன் முதுகுப்புறத்தை மறந்துவிடுகின்றான்.

இனி, மாணவராகிய நம்மைத் தொடும் பகுதிக்கு வருவேன். 2024-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் மட்டும் இந்திய விமானங்களுக்குப் பல நூறு பொய்மிரட்டல்கள் வந்தன. தில்லியினின்று சிகாகோவுக்குச் சென்ற விமானம் ஒன்று கனடாவின் வடகோடியில் உள்ள இக்காலுவிட் என்னும் பனிநகரில் இறங்க நேர்ந்தது. பயணிகளைச் சிகாகோவுக்குக் கொண்டுசேர்க்க அந்நாட்டு வான்படை விமானம் வரவேண்டியதாயிற்று. அக்காலத்தில் பிடிபட்டவருள் பதினேழு வயதுச் சிறுவனும் ஒருவன். தனக்குப் பணத்தகராறு உள்ள ஒருவனை மாட்டிவைக்க அவன் பெயரால் மிரட்டல் விடுத்தான் என்பது குற்றச்சாட்டு. ஒரு பொய்மிரட்டலால் வீணாகும் எரிபொருளுக்கும் நேரத்துக்கும் கணக்கு உண்டு. அடுத்துவரும் மெய்யான எச்சரிக்கையைக் கேட்கவேண்டிய செவிகளில் ஒன்று அதனால் மந்தமாகின்றதே, அதற்குக் கணக்கு இல்லை. தேர்வைத் தள்ளிவைக்கவோ, வேடிக்கைக்கோ இத்தகைய மின்னஞ்சலை எழுதும் மாணவன், விளையாட்டாய்ச் செய்வதாக எண்ணுகின்றான். அவன் செய்வது யாதெனின், மாமன் வண்டியின் டயர்களைத் தட்டும் வேளையில் அருகே நின்று பறையடித்தலே.

ஆகவே நாம் செய்யத்தக்கது யாது? முதலாவதாக, அபாயத்தையும் அதற்கெனச் செய்யப்படும் ஏற்பாட்டையும் வேறு பிரித்து ஆராயவேண்டும். ஓர் ஏற்பாடு பயனற்றதாகத் தோன்றின், "இது எதற்கு? இதனால் பிடிபட்டது யாது? யார் இதனைச் சோதித்தார்?" என்று கேட்பது குடிமக்களின் உரிமை. செய்தித்தாளுக்கு எழுதலாம், சட்டமன்ற உறுப்பினரைக் கேட்கலாம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். அரசு எல்லாவற்றுக்கும் 'பாதுகாப்பு' என்னும் ஒரே சொல்லை விடையாகக் கொண்டு வாயிலை அடைத்துக்கொள்ளுமாயின், மக்களும் எல்லாவற்றுக்கும் 'நாடகம்' என்னும் ஒரே சொல்லை விடையாகக் கொள்வர். இரண்டு சொற்களும் ஒரே நோயின் இரு முகங்களே. காரணம் கூறப்பெற்ற விதியை மக்கள் மனமுவந்து ஏற்பர். மறைக்கப்பெற்ற விதியை அஞ்சி ஏற்பர். அச்சம் தெளிந்தவுடன் நகைப்பர்.

இரண்டாவதாக, வாயிலில் நிற்கும் காவலரும் மனிதர் என்பதனை மறவாதிருத்தல் வேண்டும். எட்டு மணிநேரம் நின்று ஆயிரம் பைகளை நோக்கும் கண், ஆயிரத்தோராவது பையை நோக்கும்போது சோர்தல் இயல்பு. ஒன்றும் நிகழாத நாட்களின் நடுவே விழித்திருத்தலே காவலினும் அரிய காவல். தினைப்புனத்தில் பரண்மேல் ஏறிக் கிளி கடிந்த மகளிரைப் பற்றிக் கற்கும் நாம், கிளி வாராத பகற்பொழுது எத்துணை நீண்டிருக்கும் என்று எண்ணுவதில்லை. காவல் நன்கு நடந்த நாளில் காட்டத்தக்க பயன் ஒன்றும் இராது. கதிர் இருந்தபடியே இருக்கும். அதனைக் கண்டு, "கிளியே வரவில்லையே, பரண் எதற்கு?" என்று கேட்பவனுக்கு யாது விடை கூறுவது? அவன் கேள்வி தவறன்று. ஆனால் பரணைப் பிரிக்குமுன் கிளிகள் எங்கே போயின என்று அவன் அறிந்துகொள்ளுதல் நன்று.

மூன்றாவதாக, நம்மிடம் வந்து சேரும் எச்சரிக்கையை, அது யாரிடமிருந்து வந்ததாயினும், ஒருமுறையேனும் செவிமடுத்தல் வேண்டும். பேருந்தில் உரியவரில்லாத பை கிடப்பின் நடத்துநரிடம் கூறுதல், பொய் என்று எண்ணினும் உரியவரிடம் ஒரு சொல் சேர்த்தல், இவை பெரிய செயல்களல்ல. நூறுமுறை நகைப்புக்கு இடமாவோம். மீனம்பாக்கத்தில் நகைக்கப்படுதற்கு அஞ்சாத ஒருவர், "ஒருவேளை மெய்யாயின்?" என்று கேட்டு, அம்மண்டபத்தில் இருந்தோரை வெளியேற்றியிருப்பாராயின், முப்பது வீடுகளில் விளக்கு அணைந்திராது.

நண்பர்களே! எல்லாவற்றையும் நம்பும் பேதைமை நமக்கு வேண்டா. ஒன்றையும் நம்பாத பேதைமையும் வேண்டா. அரசு கூறுவதாலேயே அச்சத்தை ஏற்பவனும், அரசு கூறுவதாலேயே அச்சத்தை நகைப்பவனும் ஆராய்தலாகிய உழைப்பினின்று தப்பியோடுகின்றனர். கல்வி கற்ற நாம் அவ்வுழைப்பை மேற்கொள்ளாவிடில் வேறு யார் மேற்கொள்வார்? என் மாமன் இன்றும் விமான நிலையத்துச் சோதனையை நகைத்துக்கொண்டுதான் இருக்கின்றார். நகைத்த வாயோடு இறங்கி, கம்பியை எடுத்து, கடைசிச் சக்கரம் வரையில் தட்டிக் கேட்டுவிட்டே வண்டியில் ஏறுகின்றார். அந்நகைப்பு நாட்டுக்குத் தீதன்று. அக்காது நம் எல்லோர்க்கும் வாய்க்குமாக.